மைனஸ் ஏழு புள்ளி இரண்டு

சிரிப்பு ஆபீசர் மேசைமேல் வரைபடத்தை விரித்தபோது சாவிக்காரம்மா ஒரு கார் சாவியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தாள். அரிசியளவு மின்னணுச் சில்லை இடுக்கியால் பிடித்து உள்ளே உட்கார வைக்க வேண்டும். பெருமூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும். அதனால் அவள் நிமிரவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்துதான். பழைய பிளான்ல ஒரு சின்ன மாற்றம். கிட்டத்தட்ட எல்லாருமே போட்டுட்டாங்க" என்றார் ஆபீசர்.

கட்டுமானக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். எந்த நேரத்திலும் பல் தெரியப் பேசுகிற மனிதர் என்பதால் கடைக்காரர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். பழைய சந்தை இடிபட்ட அன்று, நாற்பத்தொரு கடைக்காரர்களும் புழுதியில் நின்று பார்த்தபோதும் அவர் அதே சிரிப்போடுதான் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

நகரத்தின் நட்டநடுவில் இருந்தது அந்தச் சந்தை. அதை இடித்துவிட்டுக் கம்பெனி ஒரு பெரிய வளாகம் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோபுரங்கள், ஒன்றில் வீடுகள், இன்னொன்றில் அலுவலகங்கள். இரண்டுக்கும் அடியில் நான்கு தளங்களுக்குக் கடைகள், சினிமா, ஹோட்டல். அதற்கும் அடியில் கார் நிறுத்த மூன்று அடித்தளங்கள். பழைய கடைக்காரர்கள் சும்மா இடத்தைக் காலி செய்துவிடவில்லை. புதுக் கட்டடத்தில் தெருவைப் பார்த்த மாதிரி தரைத்தளத்திலேயே கடை தருவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அதுவரைக்கும் எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை. வெயிலில் வேகவும் மழையில் செவிடாகவும் பழகி இரண்டு வருடம் ஓடிவிட்டது.

சாவிக்காரம்மா சில்லைப் பொருத்தி, மூடியை அழுத்தி, இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"எங்க கடையெல்லாம் எங்க இருக்கு?"

"இதோ, இந்த நீலக் கட்டம் பூரா உங்களுக்குத்தான். 'பாரம்பரியச் சந்தை'ன்னு பேரே வெச்சாச்சு. ஏசி, டைல்ஸ், லிஃப்ட்... ராஜபோகம்க்கா."

வளாகத்தை உச்சியிலிருந்து அடிவரை கத்தியால் வெட்டிப் பார்த்த மாதிரி இருந்தது படம். வரைபடம் படிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் சாவி வெட்டுகிறவளுக்கு முடியளவு வித்தியாசமும் வித்தியாசம்தான்; எண் எங்கே இருந்தாலும் கண் அங்கே போய்விடும். நீலக் கட்டத்தின் ஓரத்தில் 7.20 என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு குட்டிக் கோடு.

"இந்தக் கோடு என்னங்க?"

"எந்தக் கோடு?"

"ஏழு புள்ளி ரெண்டுக்கு முன்னாடி இருக்கே, அது."

"அதுவா... அளவுக்கு முன்னாடி அப்படித்தான் போடுவாங்க."

"ஹோட்டலுக்குப் போட்ட அளவுக்கு முன்னாடி கூட்டல் இருக்கு. எங்களுக்கு மட்டும் கழித்தலா?"

ஆபீசரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் வேறு பக்கம் போனது. "அது... ரோடு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டாவது பேஸ்மெண்ட்."

"ஏழு மீட்டர், கொஞ்சமா? தரைத்தளம்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப காருக்கு நடுவுல குடிவெக்கிறீங்க. காதுல பூ சுத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். ரப்பர் வளையத்தையும் மாட்டி, சிந்தாமல் சிதறாமல் அவர் கையில் கொடுத்தாள். "இதுல என் பேர் இருக்காது."

கடைக்காரர் சங்கத் தலைவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். இரண்டு கடை தள்ளி இருந்தார். அவள் அவரிடம் போனபோது கண்ணிலிருந்த உருப்பெருக்கியை எடுக்காமலே பேசினார்.

"முப்பத்தொரு பேர் போட்டாச்சும்மா. நானும் போட்டுட்டேன். ஏழு பேர் முன்பணமும் வாங்கிட்டாங்க. அவங்க யாரு, நாம யாரு? எதிர்த்து நின்னா இருக்கறதும் போயிடும்."

"அண்ணே, அந்த ஆள் ஒரே வாரத்துல மூணு தடவை வந்துட்டார். நம்மள மதிக்காதவங்க நம்ம கையெழுத்துக்கு ஏன் இப்படி அலையறாங்க? அதை யோசிச்சீங்களா?"

தலைவர் யோசித்திருக்கவில்லை. அவளுக்கும் பதில் தெரியவில்லை. பதில் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அவள் கணவன் அதே வளாகத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். நாள் முழுக்க உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்பதால் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. மறுநாள் அவனுக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டின்போது தானாகவே ஆரம்பித்தான்.

"சைட்டே மந்தமா இருக்கு. கம்பி வரல, சிமெண்ட் அரை லோடா வருது. பழைய பேங்க் கைய விரிச்சிட்டானாம். இப்ப மூணு பேங்க் சேர்ந்து புதுசா லோன் குடுக்கப் போறாங்க. வந்துட்டா மேல இன்னும் பாக்கி இருக்கற பதினாறு மாடியும் மளமளன்னு போயிடும்."

"வரவேண்டியதுதானே?"

"வரும். தரைத்தளம் மொத்தத்தையும் ஒரே பெரிய கடைக்காரன் பதினஞ்சு வருஷத்துக்கு எடுத்துக்கறானாம். அந்த வாடகையை நம்பித்தான் பேங்க் பணத்தை இறக்குது. ஆனா இடத்து மேல வேற யாருக்கும் பாத்தியதை இருக்கக்கூடாதாம். பழைய கடைக்காரங்க நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் முதல் பைசாவே..."

அவன் நிறுத்தினான். கையிலிருந்த கவளம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"நீ போடலையா?"

"போடல."

"போச்சு" என்றான் அவன். "நானே என் வாயால கெட்டேன்."

அவள் கை கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள். இரண்டாவது பேஸ்மெண்ட், ஏழு மீட்டர், நீலக் கட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டான். தப்பு கம்பெனி பேரில்தான் என்று ஒத்துக்கொண்டான். ஆனாலும் சொன்னான்: "இன்னும் ஒரு வருஷத்துக்கு எனக்கு அங்க வேலை இருக்கு. பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஓடிடும். போட்டுடேன்."

"நீங்க மேலேயே உட்கார்ந்திருக்கீங்க. என்னைக் கீழ போய் உட்காருன்னு சொல்றீங்க."

அதற்குமேல் அந்த வீட்டில் நான்கு நாள் பேச்சு இல்லை. அவசியத்துக்கு மகளுக்குப் போன் போட்டு, "அப்பாகிட்ட கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்கிற அளவுக்குப் போயிற்று. ஊர் விட்டு ஊர் படிக்கப் போன பெண், "என்னை ஏன்மா போஸ்ட் ஆபீஸ் ஆக்குறீங்க?" என்று இரண்டு பேரையும் திட்டினாள்.

அதற்குள் விஷயத்தை அவள் கடைகடையாகப் போய்ச் சொல்லிவிட்டாள். கையெழுத்துப் போடாத மற்ற ஒன்பது பேர் அவள் பக்கம் உறுதியாக நின்றார்கள். போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கொட்டகைக்கு வந்த மின்சாரம் நின்றது. கேட்டால், பராமரிப்புப் பணியாம். எதிரே வளாகத்து விளக்குகள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. அவள் ஒரு லாரி பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வாங்கி வந்து வைத்தாள். தன் வெட்டும் இயந்திரத்துக்குப் போக மிச்சத்தில் தலைவரின் மேசை விளக்குக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தாள். அவர் அதை ஏறிட்டுப் பார்க்கக் கூசினார்.

அடுத்த வாரம் பேங்க் இன்ஜினியர் வந்தார். பணம் போடுமுன் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, காகிதத்தில் இருப்பது உண்மையா என்று பார்க்கிறவர். நரைத்த முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்ட பெண்மணி. பூட்ஸில் வேறெங்கோ சைட்டின் மண் காய்ந்திருந்தது. சிரிப்பு ஆபீசர் கொட்டகை முன்னால் நாற்காலி போட்டு, குளிர்பானம் வைத்து, கையெழுத்துப் போட்டவர்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

"இது நீங்களா விருப்பப்பட்டுப் போட்ட கையெழுத்துதானா? நான் நேர்ல கேட்டுத்தான் எழுதணும்" என்றார் இன்ஜினியர்.

முன்வரிசை தரையைப் பார்த்தது. பின்னால் நின்ற சாவிக்காரம்மா முன்னால் வந்தாள்.

"மேடம், கேட்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமா? நாங்க யாரும் இன்னும் பார்த்ததில்ல."

ஆபீசர் குறுக்கே விழுந்தார். "இல்ல மேடம், சைட்டுக்குள்ள பொதுஜனம் வரக்கூடாது. ஹெல்மெட்டே பதினஞ்சுதான் இருக்கு."

"அப்ப பதினஞ்சு பேர் வரட்டும்" என்றார் இன்ஜினியர்.

சரிவுப் பாதையில் இறங்கினார்கள். முதல் அடித்தளம் வரை பகல் வெளிச்சம் கூடவே வந்தது. திரும்பி இறங்கியதும் அது நின்றுவிட்டது. கயிற்றில் தொங்கிய பல்புகளின் கீழே தூண்கள் வரிசையாக நின்றன. எங்கோ ஒரு மோட்டார் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரத்தின் கறை. தலைக்கு மேலே காற்றுக் குழாய்கள் போன இடத்தில் உயரமான ஆட்கள் குனிந்து நடந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் போனை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. படங்களுக்குச் சட்டம் போடும் பெண் சுவரில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தாள். "இங்க வெச்சா ஒரே மாசம். கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளைக்கு மீசையில்லாத இடத்துலகூட மீசை முளைச்சிடும், பூஞ்சை பிடிச்சு" என்றாள். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"மேடம்" என்றாள் சாவிக்காரம்மா. "நாங்க கடைக்கு வாடகை குடுக்கணும்னு இந்தக் காகிதம் சொல்லுது. யார் இங்க இறங்கி வந்து சாமான் வாங்கி, எங்க கையில பணம் வந்து, நாங்க அதை வாடகையா குடுப்போம்? உங்க பேங்க்காரங்க அதையும் கணக்குல எழுதியிருக்காங்களா?"

இன்ஜினியர் அளவுநாடாவை இழுத்துக் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் பிடித்தார். சுவர்க் கறையையும் அளந்தார். குறிப்பேட்டில் எழுதினார்.

"முடிவு எடுக்கிறது நான் இல்லம்மா. நான் பார்த்ததை எழுதுவேன். அவ்வளவுதான்."

"பார்த்தீங்கல்ல, அது போதும்."

அப்போதுதான் தலைவர் பேசினார். அந்த வெறுந்தளத்தில் அவர் குரல் எதிரொலித்தது. "என் பேரை எடுத்துடுங்க மேடம். நான் பார்க்காம போட்டுட்டேன்." கண்ணாடிக் கடைக்காரர், "என்னுதையும்" என்றார். ஆபீசர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவரைச் சிரிப்பில்லாமல் அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். பாவம், சாதாரண மனிதராகத்தான் இருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்துநான்கு பேர் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கிய ஏழு பேர் மட்டும் வாங்கியது வாங்கியதுதான் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதில் அவள் கடைக்கு அடுத்த கடைக்காரரும் ஒருவர். பதினெட்டு வருடப் பழக்கம். மறுநாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேங்க் பணத்தை நிறுத்தியது. கம்பெனி வேலையை நிறுத்தியது. பதினைந்தாவது மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, கிரேன் அசையாமல் நின்றது.

பதினோரு வாரம் அப்படி நின்றது. வாசலில் கணக்கு முடித்து அனுப்பப்பட்ட தொழிலாளிகளிடம், ஒரு சாவிக்கடைக்காரி பிடிவாதத்தால்தான் இதெல்லாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கொட்டகை முன்னால் வந்து நின்றார்கள். கம்பி கட்டுகிறவர் ஒருவர், "எங்க வயித்துல அடிச்சிட்டியே, நல்லா இருப்பியா?" என்று கத்தினார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என் வீட்டுக்காரரும் உங்ககூட வேலை பார்த்தவர்தான். அவருக்கும் கூலி இல்ல. நான் கேட்கறது புதுசா ஒண்ணும் இல்ல, அவங்க எழுதிக் குடுத்ததைத்தான். அதைக் குடுத்தா நாளைக்கே உங்களுக்கு வேலை. வேலையை நிறுத்தினவனை விட்டுட்டு என்கிட்ட வந்து கத்தறீங்க. கத்துங்க. ஆனா அங்கேயும் போய் ஒரு தடவை இதே சத்தத்துல கத்திட்டு வாங்க."

அவர்கள் அங்கே போனார்களா என்பது தெரியாது. ஆனால் அவள் கடைக்கு மறுபடி வரவில்லை.

கணவன் வீட்டில் இருந்தான். உயரத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குத் தரையில் பொழுது போகவில்லை. பாத்திரம் கழுவினான், குழாயைக் கழற்றி மாட்டினான், ஒழுகாத குழாயை ஒழுக வைத்தான். அவளோடு பேசத் தொடங்கியிருந்தான். ஆனால் பேச்சில் பழைய எண்ணெய் இல்லை. ஒரு நாள் சைட் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை ஆரம்பித்ததும் முதல் ஆளாக அவனை எடுத்துக்கொள்வதாகவும், சம்பளத்தைக் கூட்டித் தருவதாகவும், பதிலுக்கு அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றும் சொன்னார்.

அவன் நேராக அவள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். கையிலிருந்த சாவியைக் கீழே வைக்கவில்லை.

"அவ கையெழுத்து அவ கையில இருக்கு சார். என் கையில கிரேன் மட்டும்தான் இருந்துச்சு, அதையும் நீங்க வாங்கிட்டீங்க. இனிமே வாங்கறதுக்கு எங்க வீட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க சாப்பிடறது? வீரமா பேசிட்டு வந்ததுல பசியே இப்பத்தான் தெரியுது."

கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பன்னிரண்டாம் வாரம் கம்பெனி முதலாளியே கொட்டகைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தூக்கமில்லாத கண். வட்டி அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெம்பில்லை. பேங்க் இன்ஜினியரின் அறிக்கையைப் படித்துவிட்டு, இரண்டாவது அடித்தளத்தில் கடைகள் என்ற ஏற்பாட்டையே மூன்று பேங்க்குகளும் நிராகரித்துவிட்டன. பழைய கடைக்காரர்களோடு தீர்த்துக்கொண்டு வந்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டன. பெரிய கடைக்காரனும் தரைத்தளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சம்மதித்திருந்தான்.

"மெயின் ரோட்டுப் பக்கம் முடியாதும்மா. பக்கத்து ரோட்டுப் பக்கம் தர்றேன். தரைத்தளம். முப்பத்துநாலு கடை. அகலத்துல ரெண்டடி குறையும்."

"ஏன் குறையணும்?"

"எனக்கும் ஏதாவது மிஞ்சணும்ல?"

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. எல்லாரையும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கொட்டகையில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். மெயின் ரோடு இல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நான்கு பேர் கடைசிவரை நின்றார்கள். அவளுக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்தது. ஆனால் கையில் காசில்லாமல் இன்னொரு மூன்று மாதம் பலரால் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னார்கள், அவளும் தூக்கினாள்.

ஒப்பந்தம் வந்தபோது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வக்கீல் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த அளவுக்குப் பக்கத்துல எண்ணு மட்டும் வேணாம். 'ரோடு மட்டத்துக்குச் சமமாக'ன்னு எழுத்துல எழுதுங்க."

"தொழில்நுட்பப்படி அப்படி எழுதற வழக்கம் இல்லையே" என்றார் வக்கீல்.

"எனக்குத் தொழில்நுட்பம் தெரியாதுங்க. ரோடு தெரியும்."

எழுதினார்கள். அவள் போட்டாள்.

வளாகம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. கணவனை அந்த சைட்டில் மறுபடி எடுக்கவில்லை. வேறு ஆளை வைத்து ஓட்டினார்கள். இரண்டு நகரம் தள்ளி ஒரு பாலம் கட்டும் இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடிந்தது. வரும்போதெல்லாம் எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்து, எந்த மாடியின் எந்த உத்தரத்தைத் தான் தூக்கி வைத்தான் என்று விரல் நீட்டிச் சொல்வான். அது அவனுக்கு வலித்தது. அவளுக்கும் வலித்தது. அதற்காக ஒரு நாளும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

கடைகள் திறந்தன. எட்டடி அகலம். இயந்திரத்தை உள்ளே நுழைக்கவே கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்து ரோட்டிலிருந்து ஒரே எட்டு வைத்தால் அவள் மேசை.

முதல் வாரமே வளாக நிர்வாகி ஒருவர் வந்தார். புது ஆள், கழுத்தில் அடையாள அட்டை. எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், ஒரு சாண் உயரப் பெயர்ப்பலகைதான் அனுமதி என்று சொல்லி விதிமுறைப் புத்தகம் கொடுத்தார். அவள் வைத்திருந்தது மஞ்சள் பலகை. நாலடி நீளத்துக்குச் சிவப்பில் ஒரு சாவி. தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே தெரியும்.

"இதை எடுத்துடுங்கம்மா. கட்டடத்தோட அழகு கெடுது."

"கட்டடத்துக்கு அழகு வேணும்தான். எனக்கு ஆள் வேணும்."

"லெட்டர் வரும்."

"வரட்டும்."

வந்தது. கொண்டுவந்த ஊழியர், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டார். அவள் பேனாவை வாங்கி, 'பெற்றுக்கொண்டேன். சம்மதிக்கவில்லை' என்று தெளிவான எழுத்தில் எழுதி, அதன்கீழ் பெயரைப் போட்டாள். ஊழியர் அதைப் படித்துக்கொண்டே போனார். இதுவரை ஐந்து கடிதம் வந்திருக்கிறது. ஐந்துக்கும் அதே பதில்தான். போன மாதம் தலைவரும் தன் கடை வாசலில் ஆளுயரக் கடிகாரம் ஒன்றை மாட்டிவிட்டார். சட்டம் போடும் பெண் பலகைக்குப் பச்சைப் பெயிண்ட் வாங்கட்டுமா ஊதா வாங்கட்டுமா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.